ஈட்டி மரமும் மேசை செய்தவர்களும்: ஒரு கிடாரின் கதை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கிடார்கள் கண்ணில் படும். கழுத்து வளைந்து, பாலம் பாதி பெயர்ந்து, கம்பியில்லாமல் கிடக்கும். தாம்பரம், பீர்க்கன்கரணை பக்கத்துப் பையன்கள் பேரம் பேசித் தூக்கிக்கொண்டு போவதுண்டு. வீட்டில் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் வெறும் பிளைவுட்தான். "இவ்வளவுதானா! நாமே செய்துவிட முடியாதா?" என்ற கேள்வி அங்கேதான் வரும்.

இந்தக் கேள்விக்காக 200 வருடம் முன்பு ஜெர்மனியில் பெரிய சண்டையே நடந்தது. மார்க்நாய்கிர்ஷன் என்ற ஊரில் வயலின் செய்பவர்களின் சங்கம், "மேசை நாற்காலி செய்கிறவனுக்குக் கிடார் செய்ய என்ன உரிமை?" என்று தச்சர்கள் மேல் வழக்குப் போட்டது. இசைக்கருவி என்றால் அது தங்கள் தொழில் என்பது அவர்கள் வாதம். தச்சுக் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின் இந்த இழுபறியில் வெறுத்துப்போய் 1833-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அவர் தொடங்கிய மார்ட்டின் கம்பெனி இன்றும் கிடார் செய்கிறது. வழக்குப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்!

ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸும் (1817-1892) தச்சர்தான். இன்றைய கிளாசிக்கல் கிடாரின் உருவம் அவர் கொடுத்தது. 1862-ல் அவர் ஒரு விநோதமான வேலை செய்தார். மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்துவிட்டு, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்தார். ஒலியைத் தருவது மேல்பலகைதான், மற்றதெல்லாம் அதற்குத் துணை என்று நிரூபிக்கத்தான் அது. அந்தக் கிடார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோரெஸ் சொன்னதை உலகம் கேட்டிருந்தால் நம் காடுகளுக்குக் கொஞ்சம் நல்லது நடந்திருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

புதிதாகச் செய்பவர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் மெட்டுகள். நம் வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகின் மேல் வைத்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திப் பொருத்துகிறார்கள். தப்பினால் மெழுகை இளக்கி மாற்றிக்கொள்ளலாம். கிடாரில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தை ரம்பத்தால் அறுத்து, அதில் மெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். அறுத்தது அறுத்ததுதான். அதனால் கணக்கு தேவைப்பட்டது. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி 1581-ல் ஒரு வழி சொன்னார்: கம்பியின் நீளத்தை 18-ஆல் வகுத்து முதல் மெட்டு, மீதியை மறுபடி 18-ஆல் வகுத்து அடுத்தது. 650 மி.மீ. கம்பியில் இப்படிப் போனால் 12-வது மெட்டு 322.6 மி.மீ.-ல் விழும். சரியான இடம் பாதி நீளம், அதாவது 325. இந்த 2.4 மி.மீ.-ஐச் சரிசெய்யத்தான் இன்று 18-க்குப் பதில் 17.817-ஆல் வகுக்கிறார்கள். பிளஸ் டூ கணக்கு இங்கே உதவும்: அந்த எண் 2-இன் பன்னிரண்டாம் மூலத்திலிருந்து வருவது.

இதையெல்லாம் பட்டறைக்குள் பூட்டி வைத்திருந்த காலம் 1966-ல் மாறியது. அமெரிக்காவில் இர்விங் ஸ்லோன் கிடார் செய்முறையைப் படங்களோடு புத்தகமாகப் போட்டார். அலுவலகம் போய்வந்து ஞாயிற்றுக்கிழமை ரம்பம் பிடிப்பவர்கள் அதன் பிறகு பெருகினார்கள்.

அதே சமயத்தில்தான் நம் ஊர் மரம் கதைக்குள் வருகிறது. அதுவரை நல்ல கிடாரின் முதுகுக்குப் பிரேசில் ரோஸ்வுட் போட்டார்கள். பிரேசில் கட்டைகளாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்ததும் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அந்த இந்திய ரோஸ்வுட் வேறு எதுவுமில்லை, நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். நம் தாத்தா காலத்துக் கட்டிலும் பீரோவும் அதில்தான். மெதுவாக வளரும் மரம், வேகமாக வெட்டினால் என்ன ஆகும்? தமிழக அரசு 1994-ல் ஈட்டி மரங்களைக் காக்கவென்றே தனிச் சட்டம் போட்டது. 2017-ல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இசைக்கருவிக் கம்பெனிகள் முறையிட்டதால் 2019-ல் செய்து முடித்த கருவிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

இங்கேதான் தோரெஸின் அட்டை கிடார் நினைவுக்கு வருகிறது. 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகு, பக்க மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிடார்களை 52 கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். எந்த மரம் என்று கண்ணால் தெரியாதபடி ஏற்பாடு. விலை உயர்ந்த ரோஸ்வுட்டையும் சாதாரண மரத்தையும் அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவே முதல் கிடார் செய்பவர் ஈட்டியைத் தேடி அலைய வேண்டாம். சென்னையில் அவர் பயப்பட வேண்டியது காற்றின் ஈரத்துக்குத்தான். நவம்பர் மழையில் ஊறிய பலகையை ஒட்டிவிட்டு, அடுத்த கோடையில் ஏசி அறையில் வைத்தால் மரம் சுருங்கி மேல்பலகை பிளந்துவிடும். பசையிலும் கவனம் வேண்டும். இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து பாலத்தை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண வெள்ளைப் பசை வெயிலில் இளகி மெல்ல மெல்ல வழுக்கும். பழைய தச்சர்களின் வச்சிரம் அப்படி வழுக்காது. பிசகினால் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டலாம். பலகைக்கு, உடைத்துப் போட்ட பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகையே போதும். முதுகுக்கும் பக்கத்துக்கும் தேவைப்படும் கனம் இரண்டரை மி.மீ.தான்.