இட்ட பெயரும் அழைத்த பெயரும்

பெண் மகவு பிறந்த இல்லத்தில் தொட்டில் கட்டுவதற்கு முன்பே ஒரு வழக்குத் தொடங்கிவிடும். பாட்டியார் குலதெய்வத்தின் பெயரைச் சொல்வார். தந்தையார் தூய தமிழ்ப் பெயரே வேண்டும் என்பார். தாயாரோ, பள்ளியிற் பிறமொழிப் பிள்ளைகள் சிதைக்காமல் சொல்லத்தக்க சிறிய பெயரை நாடுவார். வழக்குத் தீருமுன் குழந்தைக்கு 'அம்மு' என்றோ 'பாப்பா' என்றோ ஒரு பெயர் தானே அமைந்துவிடும். தாயகம் விட்டு வந்து, பன்மொழியாளரிடையே வாழும் நம் காலனிக் குடும்பங்களில் இது புதிய செய்தியன்று. இட்ட பெயர் ஒன்றும் அழைக்கும் பெயர் ஒன்றுமாக இரு பெயர் தாங்குவது இக்காலத்து வழக்கம் என எண்ணுவோர் உளர். தமிழ்ப் பெண்டிரின் பெயர் வரலாற்றை நோக்கின், அது நம் இலக்கியத்தைப் போலவே பழமையுடையது என்பது புலனாகும்.

சங்கப் பெண்பாற் புலவர்கள்

தொல்காப்பியர் பெயரியலில் இயற்பெயரையும் முறைப்பெயரையும் வேறாக ஓதினார். ஒருவர்க்கென இட்டு வழங்குவது இயற்பெயர். தாய், தந்தை என உறவு பற்றி வருவது முறைப்பெயர். இவ்விரண்டோடு, புகழாலும் செயலாலும் வரும் சிறப்புப் பெயரும் பெண்டிர்க்கு உண்டாயிற்று. குறுந்தொகையில் காக்கையைப் பாடிய புலவர் நச்செள்ளையார். அப்பாட்டினால் அவர் காக்கைபாடினியார் ஆனார். வெறியாடலைப் பாடிய காமக்கண்ணியார், வெறிபாடிய காமக்கண்ணியார் எனப்பெற்றார். நச்செள்ளை, நப்பசலை, நக்கண்ணை என்னும் பெயர்களின் முன்னிற்கும் 'ந' என்பது சிறப்புணர்த்துவது. செள்ளை என்னும் சிறு பெயர் அவ்வோரெழுத்தால் எத்துணைப் பெருமிதம் பெறுகிறது, பாருங்கள்!

தொகை நூல்களைத் தொகுத்தோர் இட்ட பெயரையும் ஈட்டிய பெயரையும் சேர்த்தெழுதியமையால் நச்செள்ளையாரின் பெயர் நமக்குக் கிடைத்தது. ஔவையார்க்கு அந்தப் பேறு இல்லை. ஔவை என்பது தாய், மூதாட்டி என்னும் பொருளுடைய சொல். அதியமானுக்குத் தூது சென்ற அப்பெருமாட்டியாரைப் பெற்றோர் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. அன்பினால் வந்த அழைப்புப் பெயர் இட்ட பெயரை முற்றும் மறைத்துவிட்டது.

காப்பியமும் பத்தியும்

பெயரிடுதலைக் குடும்பக் கடனாகக் காட்டுவது சிலப்பதிகாரம். கோவலனுடைய முன்னோன் ஒருவன் நள்ளிரவிற் கலம் உடைந்து கடலில் தத்தளித்தபோது, மணிமேகலா தெய்வம் அவனைக் காத்தது. அந்நன்றியை மறவாமல் கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை எனப் பெயர் சூட்டுவித்தான். ஒரு குலத்தின் நினைவு முழுவதையும் ஒரு பெண்ணின் பெயரில் வைத்துக் காத்த நிகழ்ச்சி இது.

பெரியாழ்வார் தம் திருமொழியில் இதற்கென ஒரு பதிகமே அருளினார். பொன்னையும் ஆடையையும் விரும்பி மானிடர் பெயரை மகவுக்கு இடவேண்டா, நாரணன் பெயரை இடுமின் என்பது அதன் கருத்து. செல்வர் பெயரை இட்டு அவரிடம் பரிசு பெறும் வழக்கம் அந்நாளிலும் இருந்தது போலும்! துளசியின் அடியிற் கண்டெடுத்த தம் திருமகளுக்கு அவர் இட்ட பெயரோ கோதை என்பது. கோதையை உலகம் ஆண்டாள் என்று அழைத்தது. இரு பெயரும் இன்றளவும் நிலைத்துள்ளன.

காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. இறைவனே 'அம்மையே' என அழைத்தமையால் முறைப்பெயரே அவர்க்கு உரியதாயிற்று. ஆயினும் அவர் கணவன் பரமதத்தன், பாண்டி நாட்டில் வேறு மணம் புரிந்து பெற்ற பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான் எனச் சேக்கிழார் கூறுவார். துறந்தவர் விட்டுச்சென்ற பெயர், ஒரு குழந்தையிடம் மீண்டும் உயிர் பெற்றது.

கல்லில் வெட்டிய பெயர்கள்

சோழர் கல்வெட்டுக்கள் பெண்டிர் பெயர்களின் கருவூலம் எனலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றோடு 'அக்கன்' கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். அவ்வக்கன் குந்தவைப் பிராட்டியாரே. பேரரசனின் ஆணையிலும் வீட்டு அழைப்பே நிற்கிறது! தமக்கையின் பெயரையே அவன் மகளும் தாங்கினாள். அவள் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவள். அவன் தேவியருள் ஒருவர் தந்திசத்தி விடங்கியார். அவரே உலோகமாதேவியார் என்னும் பட்டப்பெயரால் திருவையாற்றில் கோயில் எடுப்பித்தவர். அருண்மொழி என்பது இராசராசனின் பெயர். அவன் மகன் இராசேந்திரனின் மகள் அருண்மொழி நங்கை. பிரானார் என்பது அவளுடைய மறுபெயர். பாட்டன் பெயர் பேர்த்திக்குச் செல்லும் தமிழ் மரபுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அரசகுலத்தார் மட்டுமல்லர். அக்கோயிலிற் பணிபுரிய நாடெங்குமிருந்து கொணர்ந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் அங்கே உள்ளன. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கு ஒன்று. சேரமங்கை, எடுத்தபாதம், மறைக்காடு, திருவையாறு, தில்லையழகி எனச் செல்கிறது அப்பட்டியல். தேசிச்சி என ஒருத்தியும் பெரிய தேசிச்சி என ஒருத்தியும் இருக்கின்றனர். ஊதியம் பெயர் பிழையாமற் சேரவேண்டும். ஆதலின் அழைப்பிலிருந்த அடைமொழியும் ஆவணத்தில் ஏறிற்று.

மாமியார் பெயரும் மருமகள் நாவும்

பெயரன், பெயர்த்தி என்பனவே பேரன், பேர்த்தி என மருவின. மூத்தோர் பெயரைத் தாங்குதலால் வந்தவை இச்சொற்கள். ஆனால் மாமியாரின் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்பதும் நம் பழைய வழக்கம். பாட்டியின் பெயரைத் தாங்கிய மகளைப் பெற்ற தாய் எவ்வாறு அழைப்பாள்? இச்சிக்கலே பல இல்லங்களில் செல்லப் பெயரைப் பிறப்பித்தது. பெயரைக் குறுக்கி வழங்குதலிலும் தமிழர்க்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. அலமேலு அலமு ஆவாள். காமாட்சி காமு ஆவாள். கோமதி கோமு ஆவாள். தருமாம்பாள் தருமு ஆவாள்.

இவ்வினிய வழக்கத்தின் அருகே கசப்பான ஒன்றும் உண்டு. முன்பிறந்த மக்கள் இறந்த இல்லத்தில், அடுத்த மகவைக் குப்பையிற் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்றனர். தவிட்டுக்கு விற்று வாங்கியதாகப் பாவித்துத் தவிட்டம்மாள் என்றனர். அவற்றில் அச்சம் இருந்தது, அன்பும் இருந்தது. ஆனால் பெண்மக்கள் பலராயினர் எனச் சலித்து 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் இட்ட பெயர்களில் அன்பு ஏது? அப்பெயர் வீட்டோடு நின்றதில்லை. பள்ளிப் பதிவேட்டில் ஏறியது. திருமண அழைப்பிதழில் அச்சாயிற்று. தன்னை வேண்டா என்றனர் என்பதை அப்பெண் வாழ்நாளெல்லாம் தன் வாயாலேயே சொல்லவேண்டியதாயிற்று.

அண்மைக் காலம்

இசையுலகம் இருவகைச் சான்று தருகிறது. டி. கே. பட்டம்மாள் (1919–2009) அவர்களுக்கு இட்ட பெயர் அலமேலு. வீட்டார் அழைத்த 'பட்டா' என்பதே பட்டம்மாளாகி உலகறிந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி (1916–2004) அவர்களுக்கோ 'குஞ்சம்மா' என்பது வீட்டோடு நின்றது. 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் ஒலித்தது இட்ட பெயரே.

1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், தம் மக்களின் பெயர்களையும் தமிழாக்கினார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். பின்னர், 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த பொன்னியின் செல்வன், குந்தவை, வானதி, பூங்குழலி என்னும் பெயர்களைத் தமிழ் இல்லங்களுக்கு அணிமையாக்கிற்று.

நாம் செய்யத்தக்கது

அக்காலத்தில் கல் செய்த பணியை இக்காலத்தில் பிறப்புப் பதிவேடு செய்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெயர் குறியாமலும் பிறப்பைப் பதியலாம். பெயரை 12 திங்களுக்குள் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டு வரை கட்டணத்துடனும் சேர்க்கலாம். ஆதலின் அவசரத்தில் 'பேபி' என்று எழுதிவிட வேண்டுவதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே சான்றாகலின், அதிலுள்ள பெயரை எண்ணி எழுதுதல் இன்றியமையாதது.

நெடிய பெயரா, குறும்பெயரா என்று வழக்கிடுவோர்க்கு வரலாறு தரும் விடை இதுவே: இரண்டும் இருக்கட்டும்; ஒன்று மற்றொன்றை விழுங்காதிருக்கட்டும். இட்ட பெயரின் உள்ளிருந்தே அழைக்கும் பெயர் பிறக்குமாயின் பின்னும் நன்று. பூங்குழலியைக் 'குழலி' என்றழைப்பின், அயல்மொழித் தோழியர் தடுமாறினும் நம் ழகரம் வீட்டிலேனும் வாழும். பாட்டியின் பெயர் பழமையானதாகத் தோன்றினும் தள்ளவேண்டா. அதன் குறுக்கம் புதுமையாக ஒலிக்கக்கூடும்.

செல்லப் பெயர் வளர்ப்போரின் உரிமை. இட்ட பெயர் அப்பெண்ணின் உடைமை. ஔவையின் பெயரை நாம் இழந்தோம். நச்செள்ளையின் பெயரைக் காத்தோம். நம் காலனியில் இனிப் பிறக்கும் பெண்மக்கள் ஒவ்வொருவர்க்கும், தலைநிமிர்ந்து சொல்லத்தக்க ஒரு பெயரும், கேட்டவுடன் ஓடிவரத்தக்க ஒரு பெயரும் அமைவதாக!