பிளேட் ஆற்று முகத்தில் மூன்று குரூஸர்கள்

சுதந்திர இந்தியாவின் கடற்படைக்கு முதல் தலைமைக் கப்பலாக விளங்கியது ‘டில்லி’ என்னும் குரூஸர். 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் கொடியை ஏற்ற அக்கப்பலுக்கு அதற்கு முன்பே ஒரு சரித்திரம் உண்டு. அப்பொழுது அதன் பெயர் ‘அக்கிலீஸ்’. இரண்டாம் உலக யுத்தத்தின் முதல் பெரிய கடற்போரில் பங்குகொண்ட சிறிய குரூஸர் அணியில் அதுவும் ஒன்று.

குரூஸர் என்பது பெரும் போர்க்கப்பலினும் சிறியது, வேகம் மிக்கது. வணிகப் பாதைகளைக் காப்பது அதன் முக்கியத் தொழில். 1939-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பாதைகளைக் கலக்கியது ‘அட்மிரல் கிராஃப் ஸ்பீ’ என்னும் ஜெர்மானியக் கப்பல். ‘பாக்கெட் போர்க்கப்பல்’ என்று பத்திரிகைகள் அதனை அழைத்தன. வேகத்தில் அதனை எட்டக்கூடிய கப்பல்களுள் பெரும்பாலானவை பலத்தில் அதற்கு ஈடாகா. பலத்தில் மிஞ்சியவற்றுள் பெரும்பாலானவை அதனை எட்டிப் பிடிக்க இயலாதவை. அது ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. எனினும், அவற்றின் மாலுமிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. அதன் தலைவர் லாங்ஸ்டார்ஃப் அத்தகைய மனிதர்.

டிசம்பர் 2 அன்று ஆப்பிரிக்காவின் தென்மேற்கே ‘டோரிக் ஸ்டார்’ என்னும் கப்பல் தாக்குண்டு, அபாயச் செய்தியை வானலையில் அனுப்பியது. தென் அமெரிக்கக் கரையில் பிரிட்டிஷ் அணியை நடத்திய கமோடோர் ஹார்வுட் அச்செய்தியைக் கொண்டு கணக்கிட்டார். பகைவன் மேற்கே திரும்பினால் எங்கே வருவான்? அர்ஜென்டினாவின் தானியமும் இறைச்சியும் கப்பலேறிச் செல்லும் பிளேட் ஆற்று முகத்திற்கே வருவான் என்று அவர் தீர்மானித்தார். ‘எக்ஸெட்டர்’, ‘அஜாக்ஸ்’, ‘அக்கிலீஸ்’ என்ற மூன்று கப்பல்களையும் அங்கே கூட்டினார். டிசம்பர் 13 காலையில் தொடுவானில் புகை தெரிந்தது. கணக்குப் பொய்க்கவில்லை.

பலத்தை எடைபோட்டால் ஒப்பீடே இல்லை. ‘கிராஃப் ஸ்பீ’யின் ஆறு பதினோர் அங்குலப் பீரங்கிகள் ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள குண்டுகளை வீசுபவை. ‘எக்ஸெட்ட’ரில் இருந்தவை ஆறு எட்டங்குலப் பீரங்கிகள். மற்ற இரண்டும் ஆளுக்கு எட்டு ஆறங்குலப் பீரங்கிகளையே தாங்கியிருந்தன. அவற்றின் குண்டு 50 கிலோவைச் சற்றே தாண்டும். ஆயினும் ஹார்வுட் ஒரு திட்டத்தை முன்னரே வகுத்து, கப்பல் தலைவர்களுக்கு அறிவித்திருந்தார். ‘எக்ஸெட்டர்’ ஒரு புறமும், மற்ற இரண்டும் மறுபுறமுமாகப் பிரிந்து தாக்க வேண்டும். இரண்டே பீரங்கிக் கோபுரங்களைக் கொண்ட பகைவன் எப்பக்கம் திரும்பினாலும் மறுபக்கம் அடி விழும்.

இந்த உபாயத்திற்கு ‘எக்ஸெட்டர்’ கொடுத்த விலை பெரிது. அதன் முன்புறப் பீரங்கிகள் நாசமாயின. 61 பேர் மாண்டனர். கப்பல் தலைவர் பெல், பின்புறத்தில் நின்று, ஆள்மாற்றி ஆளாகக் கட்டளையை வாய்வழியே அனுப்பிக் கப்பலைச் செலுத்தினார். ‘அஜாக்’ஸில் எழுவரும், ‘அக்கிலீ’ஸில் நால்வரும் இறந்தனர். ‘அக்கிலீ’ஸின் மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நியூஸிலாந்துக்காரர்கள். அதன் தலைவர் பாரி காயமுற்றும் தம் இடத்தை விட்டு அகலவில்லை. ஜெர்மானியத் தரப்பில் 36 பேர் உயிரிழந்தனர்.

அடிபட்ட ‘கிராஃப் ஸ்பீ’, உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கியது. அதன் குண்டுகளில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. உருகுவே நடுநிலை நாடு. தங்க 72 மணி நேரமே அளித்தது. வெளியே பெரும்படை காத்திருப்பதாகப் பிரிட்டிஷார் வதந்தியைப் பரப்பினர். உண்மையில், சேதமுற்ற ‘எக்ஸெட்டர்’ ஃபாக்லந்து தீவுகளுக்குச் சென்றுவிட, அதற்கு ஈடாக ‘கம்பர்லந்து’ என்ற குரூஸர் ஒன்றே வந்து சேர்ந்திருந்தது. டிசம்பர் 17 அன்று லாங்ஸ்டார்ஃப் தம் ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலைத் தாமே தகர்த்தார். சில நாட்களுக்குள் போனஸ் அயர்ஸில் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார்.

மூன்று கப்பல்களும் மூன்று முடிவுகளை எய்தின. ‘எக்ஸெட்டர்’ 1942 மார்ச் 1 அன்று ஜாவாக் கடலில் ஜப்பானியரால் மூழ்கடிக்கப்பட்டது. ‘அஜாக்ஸ்’ யுத்தத்திற்குப் பின் உடைக்கப்பட்டது. ‘அக்கிலீஸ்’ நம்மிடம் வந்தது. அதே 1948-இல், அக்கப்பலின் தலைவராகப் போரிட்ட பாரியே நம் கடற்படையின் தலைமைத் தளபதியாகவும் வந்தார். 1951 வரை அப்பதவியில் இருந்தார்.

இச்சரித்திரத்தில் நமக்குப் பங்கு உண்டா என்ற வினா எழலாம். 1939-இல் நம் மக்களின் சம்மதத்தைக் கேளாமலே நம்மை யுத்தத்தில் ஈடுபடுத்திய சாம்ராஜ்யத்தின் கொடியன்றோ அக்கப்பலில் பறந்தது! உண்மைதான். ஆனால் கொடி வேறு. கப்பலில் கடமை ஆற்றியவர்கள் வேறு. சாம்ராஜ்யம் நமக்கு உரியதன்று. எளியோர் ஒன்றுகூடி வலியோனை எதிர்த்த துணிவை ஏற்பதில் நமக்குத் தயக்கம் வேண்டுவதில்லை. நம் கடற்படை கப்பலின் பெயரை மாற்றியது. அதன் நினைவை அழிக்கவில்லை. 1956-இல் வெளிவந்த, இப்போரைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தில் ‘டில்லி’ தன் பழைய உருவத்தில் தானே தோன்றியது. 1961-இல் கோவா, டாமன், டையூ விடுதலை நடவடிக்கையின்போது டையூக் கரையில் நம் பொருட்டுப் பணிபுரிந்தது.

1978-இல் ‘டில்லி’ ஓய்வுபெற்றது. கப்பலை உடைத்தபோது அதன் பீரங்கிக் கோபுரம் ஒன்றை நம் நாடு நியூஸிலாந்துக்கு அன்பளிப்பாக அனுப்பியது. ஆக்லாந்து நகரின் கடற்படைத் தளத்தில் அது நிறுவப்பட்டது. தம் மைந்தரைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த நினைவின் ஒரு பகுதி திரும்பச் சென்றது. எஞ்சிய பகுதி நம்முடையதாயிற்று.