கொச்சித் துறைமுகத்தின் இடைமொழி

பல இனத்தார் கலந்து வாழ்ந்த துறைமுகப் பகுதிகளை ஆராய்வோர் பெரும்பாலும் அங்குள்ள கட்டடங்களையே சான்றாகக் கொள்வர். மட்டாஞ்சேரியில், 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டிப் பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையும், 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடமும் அருகருகே உள்ளன. மலையாளிகளோடு கொங்கணியர், குஜராத்தியர், தமிழர் எனப் பலரும் இங்குக் குடியேறி வாழ்ந்துள்ளனர். இவர்களோடு ஐரோப்பியர் எம்மொழி வழியாக உறவாடினர் என்பது மொழியியல் நோக்கில் எழும் வினாவாகும்.

போர்த்துக்கீசியர் 1503-இல் கோட்டை அமைத்தனர். டச்சுக்காரர் 1663-இல் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி மாறிய பின்னரும் இடைமொழி மாறவில்லை. இதற்குச் சிறந்த சான்று, டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' என்னும் தாவர நூல். இட்டி அச்சுதன் என்னும் மருத்துவர் மலையாளத்தில் கூறியவற்றைக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ போர்த்துக்கீசியத்தில் பெயர்த்தார். அதன் பின்னரே அவை இலத்தீன் வடிவம் பெற்றன. டச்சு ஆட்சியில் உருவான நூலுக்கும் போர்த்துக்கீசியமே பாலமாக அமைந்தது.

ஏட்டில் இவ்வாறு பயன்பட்ட மொழி, கலப்புக் குடும்பங்களின் வீடுகளில் கிரியோல் மொழியாக வாழ்ந்தது. ஹூகோ ஷூகார்ட் கொச்சிக்கு வராமலேயே, கடிதங்கள் வழிப் பெற்ற தரவுகளைக் கொண்டு 1882-இல் அதனை ஆராய்ந்தார். 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னர் இடைமொழிப் பணி படிப்படியாக ஆங்கிலத்தைச் சேர்ந்தது. கிரியோல் வீட்டெல்லைக்குள் ஒடுங்கியது. கோட்டைக் கொச்சிக்கு எதிரேயுள்ள வைப்பின் தீவில் வாழ்ந்த, அதனைச் சரளமாகப் பேசிய இறுதி மனிதர் 2010-இல் காலமானார்.

ஒரு மொழி ஆட்சியை இழந்தவுடன் அழிவதில்லை. அதன் பணியைப் பிறிதொரு மொழி ஏற்கும்போதே நலிகிறது என்பதைக் கொச்சி வரலாறு உணர்த்துகின்றது. மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அந்நூலின் இலத்தீன் தொடரை மலையாள மூலத்தோடு நேரடியாக ஒப்பிடுதல் போதாது. பொருள் வேறுபாடு காணப்படுமிடத்து, அது இலத்தீனில் நேர்ந்ததா, அன்றி இடைநின்ற போர்த்துக்கீசியத்திலேயே நேர்ந்ததா என்று வினவுதல் வேண்டும். துறைமுகத்தில் இடைநின்று பேசியவரின் பங்கினை அவ்வினாவே நமக்குக் காட்டும்.