எவியானில் யாருக்கு நாற்காலி இருந்தது?

1938 ஜூலை 6 அன்று, பிரான்சில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள எவியான் நகரின் ஆடம்பர ஓட்டல் ஒன்றில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி ஓடும் யூதர்களை எங்கே குடியமர்த்துவது என்பதே பேச்சு. அந்த மார்ச்சில்தான் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தது. அங்கிருந்த ஏறக்குறைய 1,90,000 யூதர்கள் ஒரே இரவில் நாடற்றவர்களைப்போல ஆகியிருந்தார்கள். வியன்னாவில் அவர்களை மண்டியிடவைத்துத் தெருவைத் தேய்க்கச் சொன்னார்கள். சுற்றி நின்று சிரித்தது பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்தக் காட்சியை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கூட்டத்தை அழைத்தவர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். அழைப்பிலேயே ஒரு உறுதி இருந்தது: இப்போதுள்ள சட்டம் அனுமதிப்பதைவிட அதிகமானவர்களை ஏற்கும்படி எந்த நாட்டையும் கேட்கமாட்டோம். அதாவது, ஒன்றும் செய்யவேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும். பாலஸ்தீனத்தைப் பற்றிய பேச்சு எழாமல் பிரிட்டன் பார்த்துக்கொண்டது. பத்து நாள் அனுதாபம் பொழிந்தது. ஒவ்வொருவராக எழுந்து, எங்கள் நாட்டில் வேலையில்லை, இடமில்லை என்றார்கள். கடைசித் தீர்மானத்தில் ஜெர்மனியைக் கண்டித்து ஒரு வரி இல்லை.

இடம் தருகிறேன் என்று பெரிய அளவில் முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும்தான். ஒரு லட்சம் பேர் வரை என்றார்கள். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் சர்வாதிகாரி துருஹியோ முந்தைய ஆண்டுதான் ஆயிரக்கணக்கான ஹைட்டி கறுப்பின மக்களைக் கொன்று குவித்திருந்தார். கெட்ட பெயரைக் கழுவவேண்டும், நாட்டில் வெள்ளைத் தோலின் எண்ணிக்கையும் கூடவேண்டும். கடைசியில் அங்கே போய்க் குடியேற முடிந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை.

யாருடைய உயிரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்கு அந்த அவையில் நாற்காலி இல்லை. பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரான கோல்டா மேயர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். பேச அனுமதி இல்லை. யூத அமைப்புகளின் பிரதிநிதிகளை ஒரு துணைக்குழு அழைத்துக் கேட்டது. ஒருவருக்குச் சில நிமிடங்கள், ஒரே பிற்பகலில் எல்லாம் முடிந்தது. (பாதிக்கப்பட்டவர்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம் மைக் கொடுக்கும் கூட்டங்களுக்கு வேலை நிமித்தம் நிறையப் போயிருக்கிறேன்.)

அந்தத் துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆஸ்திரேலிய அமைச்சர் தாமஸ் ஒயிட். எங்கள் நாட்டில் இனப்பிரச்சினை என்று ஒன்று கிடையாது, வெளியிலிருந்து ஒன்றை இறக்குமதி செய்ய விருப்பமும் இல்லை என்று அவையில் சொன்னவர் அவரேதான்.

இனப்பிரச்சினை கிடையாதாம்! அதே 1938 ஜனவரி 26 அன்று, வெள்ளையர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டு விழாவை நாடு கொண்டாடியபோது, ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் சிட்னியில் அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். அதன் பின்னணியில் இருந்த முக்கியமானவர் யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த வில்லியம் கூப்பர். நாடாளுமன்றத்தில் எங்கள் மக்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று கேட்டு 1,800க்கும் மேற்பட்டோரின் ஒப்புதலைத் திரட்டி மன்னருக்கு மனு எழுதியவர். மனுவை லண்டனுக்கு அனுப்பக்கூட ஒயிட் இருந்த அரசு மறுத்தது. மக்கள்தொகைக் கணக்கிலேயே அந்த மக்களைச் சேர்க்கக்கூடாது என்ற அரசியல் சட்டப் பிரிவு 1967 வரை நீக்கப்படவில்லை. எண்ணாமல் விட்டால் பிரச்சினை எப்படித் தெரியும்?

எவியான் கலைந்து நான்கு மாதத்தில், நவம்பர் 9 இரவு, ஜெர்மனி முழுவதும் யூதர்களின் வழிபாட்டு இடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. சுமார் 30,000 ஆண்களை முகாம்களுக்கு இழுத்துச் சென்றார்கள்.

டிசம்பர் 6 அன்று மெல்போர்னில் கூப்பர் ஒரு சிறு குழுவோடு ஜெர்மன் தூதரக அலுவலகத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. யூத மக்கள் மீதான கொடுமையைக் கண்டித்து ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கம் எழுதிய தீர்மானம் குழுவின் கையில் இருந்தது. சொந்த மண்ணில் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள், முகம் தெரியாத மக்களுக்காக எழுதியது. அலுவலகத்தில் அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.