பதம் அறிந்த விரல்கள்: சுருட்டைக் காத்துவைத்த வரலாறு

ஆங்கிலத்தில் 'செரூட்' என வழங்கும் சொல், தமிழ்ச் 'சுருட்டு' கடல் கடந்து பெற்ற உருவம். போர்த்துக்கீசியர் வழியாகப் புகையிலை தென்னாட்டுக்கு வந்தது. சுருட்டிப் புகைக்கும் பொருளின் பெயரோ தமிழிலிருந்து மேற்கே சென்றது. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கண்டறிகிறார். இச்செய்தி பலரும் அறிந்தது. உறையூரில் சுருட்டிய பொருள் வாரக்கணக்கான கடற்பயணத்தில் உலராமலும் பூசணம் பூக்காமலும் எவ்வாறு காக்கப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்கான விடை 'பதம்' என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

புகையிலை காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் வாழும் பொருள். ஈரம் குன்றினால் இலை நொறுங்கும். மிகுந்தால் பூசணம் படரும். உலர்ந்த இலையை உச்சிவேளையில் தொட்டால் தூளாகிவிடும் என்பதால், பனியின் ஈரத்தை ஏற்று அது துவண்டிருக்கும் விடியற்காலையிலேயே உழவர்கள் அதைக் கையாண்டனர். பின்னர் குவியலாக அடுக்கி, உள்ளே சூடேறும்போது பிரித்து மாற்றியடுக்கினர். திண்டுக்கல் வட்டாரத்தின் ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் ஆகிய இலைவகைகள் இத்தகைய பக்குவத்தால் பெயர்பெற்றவை. உறையூர்ச் சுருட்டுக்கும், திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் நடத்திய தொழிற்சாலைக்கும் அடிப்படை இந்த இலையே. வெல்லம் கரைத்த நீரில் இலையைப் பதப்படுத்தும் வழக்கமும் சுருட்டுத் தொழிலில் இருந்தது. அது சுவைக்காக மட்டுமன்று. சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. ஈரமானி இல்லாத அக்காலத்தில் இலையின் பதத்தை அளந்தவை கூலியாட்களின் விரல்களே.

ஐரோப்பியச் சந்தை இந்த அறிவை ஒரு மரப்பெட்டிக்குள் சுருக்கிக் காட்டியது. இன்று பெருவிலைக்கு விற்கும் சுருட்டுப் பேழைகளின் உட்புறத்தில் பதிக்கப்படுவது 'ஸ்பானிய சிடார்' மரம். அம்மரம் ஸ்பெயினுக்குரியதுமன்று, தேவதாரு இனமுமன்று; அமெரிக்க வெப்பநாடுகளில் வளர்வது, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவான இந்தியத் தூன் மரமும் சுருட்டுப் பெட்டிகளுக்குப் பயன்பட்டது. மரம் ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது, மணமும் தருகிறது. ஆயினும் சுருட்டைக் காப்பது பேழையின் விலையன்று, உள்ளிருக்கும் காற்றின் நிலையே.

சித்தூர், திருப்பதிப் பகுதியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1911-இல் தனி மாவட்டம் உருவாகும் வரை சித்தூர், வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குச் சென்ற மீட்டர்கேஜ் இருப்புப்பாதை அதைத் தமிழகத்தோடு பிணைத்தது. காவிரிக்கரையில் சுருட்டிய ஒரு பொருள் இங்கு வந்தால் வேறொரு காற்றைச் சந்திக்கும். திருப்பதியின் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடக்கும். திறந்துவைத்த சுருட்டு சில நாட்களிலேயே சருகாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ அதே சுருட்டு நமத்துப்போகும். ஓராண்டுக்குள் இரு எதிர்நிலைகளைத் தாங்கவேண்டிய ஊரில் அழகிய பேழையைவிட இறுக மூடும் எளிய கலமே மேலானது.

புதிதாகத் தொடங்குவோர்க்கு வேண்டியவை மிகச் சில. சமையலறையில் பயன்படும், மணம் ஒட்டாத, காற்றுப்புகா மூடியுள்ள டப்பா ஒன்று. சிறிய மின்னணு ஈரமானி ஒன்று. ஈரத்தைக் கொடுக்கவும் உறிஞ்சவும் வல்ல ஈரக்கட்டுப்பாட்டுப் பொதி ஒன்று. ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் நின்றால் போதும். ஈரமானியைச் சோதிக்க உப்பே உதவும்: உப்பை நீர்விட்டுச் சேறுபோலக் குழைத்து, ஈரமானியுடன் மூடிய கலத்தில் ஒருநாள் வைத்தால் உள்ளிருக்கும் காற்று 75 விழுக்காட்டில் நிற்கும், கருவி காட்டும் வேறுபாடே அதன் பிழை. குளிர்பதனப் பெட்டியில் திறந்து வைத்தால் சுருட்டு உலர்ந்துவிடும்.

ஈரத்தைப்போலவே அஞ்சத்தக்கது புகையிலை வண்டு. வெப்பம் 25 பாகையை மிஞ்சும் இடங்களில் அதன் முட்டைகள் எளிதில் பொரிந்து பெருகும். ஆகவே வீட்டின் குளிர்ந்த, வெயில் படாத மூலையே டப்பாவுக்கு உரிய இடம். ஐயம் எழுந்தால், சுருட்டுகளை உறையிலிட்டு இறுக மூடி உறைநிலைப் பெட்டியில் சில நாள் வைத்து, பின் ஒருநாள் குளிர்பதனத்தில் இருத்தி வெளியே எடுப்பது வழக்கம். இவ்வண்டு புகையிலையோடு நிற்பதில்லை. மஞ்சளையும் மிளகாயையும் துளைக்கும், ஏட்டுக் கட்டுகளையும் நூல்களையும் அரிக்கும். 1939-இல் தொடங்கப்பெற்ற திருப்பதி கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் போன்ற சுவடிக் காப்பகங்களின் கவலையும், ஒரு சுருட்டுக் கடையின் கவலையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. ஓலையைத் துணியில் பொதிந்து பலகைகளுக்கிடையே இறுகக் கட்டி, வசம்பு இட்டுக் காத்த மரபும், இலையின் பதம் பார்த்த மரபும் ஒரே பட்டறிவின் இரு கிளைகள்.

சேமிப்பு முறை சிறந்தாலும் புகையிலையின் தீங்கு குறைவதில்லை. சுருட்டும் புற்றுநோய்க்குக் காரணமாவதே. திருமலையில் புகையிலைக்கு இடமில்லை. மலையடிவாரத்து அலிபிரிச் சோதனைச்சாவடியிலேயே அது விலக்கப்படுகிறது. பீடியும் சிகரெட்டும் பரவியபின் உறையூரின் சுருட்டுத் தொழிலும் சுருங்கிவிட்டது. ஒரு தீய பழக்கம் தேய்வதில் வருந்த ஏதுமில்லை. ஆனால் காற்றின் ஈரத்தை விரல் நுனியில் அளந்த தொழிலாளரின் அறிவு, பெட்டி விற்றவர்களின் பெயர்களுக்குப் பின்னே எழுதப்படாமல் மறைவது வரலாற்றுக்கு இழப்பு. மஞ்சளுக்கும் விதைநெல்லுக்கும் ஓலைக்கும் அந்த அறிவு இன்றும் தேவைப்படுகிறது.