பருத்தி நூலால் ஒரு மார்பு

புற்றுநோய் அறுவை சிகிச்சையில் மார்பகத்தை இழந்த பெண் வீடு திரும்பியதும் முதலில் படும் பாடு ரவிக்கையோடுதான். ஒரு பக்கம் நிறைந்திருக்கும், மறுபக்கம் தொய்ந்து கிடக்கும். முந்தானையை இழுத்து இழுத்து மூடியே கை ஓய்ந்துபோகும். பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். வேலை செய்யக் கையைத் தூக்கினால் அது நகர்ந்துவிடும். சிலிகோன் மார்பு கடையில் கிடைக்கும். விலை பல ஆயிரம், கனமும் கூட. நம் ஊர் வெயிலில் அதனடியில் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும். போதாததற்கு, தையல் ஆறும்வரை சில வாரங்களுக்கு அதை வைக்கவே கூடாது.

கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த பெரில் சாங் இதற்கு நூலால் ஒரு வழி கண்டார். தான் வடிவமைத்த பின்னல் மார்பின் செய்முறையை 2005இல் ‘நிட்டி’ இணைய இதழில் வெளியிட்டார். 2011இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெல்லிங்ஹாமைச் சேர்ந்த பார்பரா டெமரஸ்டுக்கு மார்பகத்தை எடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய தோழி ஒருவர் இப்படியொரு மார்பைப் பின்னிக் கொடுத்தார். அணிந்து பார்த்த பார்பரா, கேட்கிற பெண்களுக்கெல்லாம் இது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று ‘நிட்டட் நாக்கர்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவில் மும்பையின் ‘சாயிஷா இந்தியா’ இதே வேலையைச் செய்கிறது. கடல் தாண்டி வந்தது வெறும் செய்முறைதான். நூலும் கையும் இங்கேயே இருந்தன.

நூல் பருத்தியாக இருக்க வேண்டும். வீட்டில் மிஞ்சிய கம்பளி நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இதற்கு உதவாது, தழும்பை உறுத்தும். குரோஷா ஊசியால் சின்ன வளையம் போட்டு அதில் ஆறு கண்ணி எடுக்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டி, பிறகு கூட்டாமலே சில சுற்றுகள் போனால் நூல் மெல்லக் கிண்ணமாகக் குழிகிறது. பின்னல் தளர்ந்தால் உள்ளிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும் என்பதால் நெருக்கிப் போட வேண்டும். நான் உன்னிப்பாகப் பார்ப்பது முடிச்சைத்தான். தோலில் படும் பக்கத்தில் முடிச்சே இருக்கக் கூடாது. நூல் முனையை உள்ளே விட்டு, கண்ணிகளுக்கிடையே நுழைத்து மறைத்துவிடுகிறார்கள். புதிதாக ஆறிய தழும்புக்கு மிளகளவு முடிச்சும் முள்தான்.

பின்புறத்தை முழுக்க மூடித் தைத்துவிடாமல், சுருக்குக் கயிறு போட்டு விடுவார்கள். உள்ளே அடைப்பது செயற்கைப் பஞ்சு. அணிபவர் கயிற்றைத் தளர்த்தி, மறுபக்கத்துக்குச் சமமாக வரும்வரை பஞ்சை எடுத்தோ சேர்த்தோ கொள்ளலாம். இந்தத் திறப்புதான் இதன் உயிர் என்பேன். பின்னியவருக்கு அணிபவரின் உடம்பு தெரியாது. உள்ளாடையின் கப் அளவு மட்டுமே தெரியும். மீதியை அந்தப் பெண்ணே கண்ணாடி முன் நின்று முடித்துக்கொள்கிறார். இன்னொருவர் கை படாமல், தன் கையால்.

குறையும் உண்டு. கனமே இல்லாததால் உள்ளாடைக்குள் மேலே ஏறிவிடும். உள்புறம் ஒரு துணிப்பை தைத்து அதில் செருகிக்கொண்டால் நிற்கும். சிலிகோன் தரும் எடைச் சமன் இதில் வராது. பெரிய மார்பகம் உள்ளவர்கள் தோளும் முதுகும் வலித்தால் மருத்துவரைக் கேட்பதே நல்லது. நூல் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லி யாரையும் ஏமாற்றக் கூடாது.

துவைக்கும்போது பஞ்சை வெளியே எடுத்துவிட்டு உறையை மட்டும் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துவார்கள். முறுக்கிப் பிழிந்தால் வடிவம் போய்விடும். நாள்பட நாள்பட நூல் தளரும், உறை தொங்கும். அப்போது அதே அளவில் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கட்டி தட்டாமல் இருந்தால் பழைய பஞ்சையே புது உறையில் அடைத்துக்கொள்ளலாம்.