பாமினிக் கடிதங்களும் லினக்ஸ் களஞ்சியமும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றதோடு, பிளாக்ஹவுஸ் பேயில் பழைய கணனியை எறிய மனமில்லாத சிலர் லினக்ஸ் பக்கம் வந்தார்கள். வந்தவர்கள் என்னிடம் கேட்டது இதுதான்: பாமினியில் கிடக்கும் கடிதங்களையும், அகதி விண்ணப்பத்துக்கு எழுதிய வாக்குமூலங்களையும் எப்படித் திறப்பது?

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஏற்றிய எழுத்துரு. அது இல்லாத கணனியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். (தட்டச்சுப் பழகியவர்கள் சிலர் அதையும் வாசித்துவிடுவார்கள்!)

1993இல் இயான் மேர்டொக் தொடங்கிய டெபியன், மென்பொருள்களைப் பொதிகளாக்கித் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. 2007 முதல் அவற்றின் கையொப்பத்தைக் கணனியே சரிபார்க்கிறது. யுனிகோட் தமிழ் எழுத்துருக்களும், இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அங்கேயே உண்டு. தமிழில் எழுத வெளிப்பொதி எதுவும் தேவையில்லை.

உத்தியோகபூர்வக் களஞ்சியத்திலும் கோளாறு வரும். 2024 மார்ச்சில், எக்ஸ்-இசட் என்ற பொதிக்குள் ஒளித்த பின்கதவு டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்டது. உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கவனித்த அந்திரேஸ் பிராயிண்ட், நிலையான பதிப்பை அது எட்டுமுன் பிடித்தார். மூலநிரல் திறந்து கிடந்தபடியால் தேட முடிந்தது. முன்பின் தெரியாதவரின் களஞ்சியத்தைச் சேர்த்தாலோ, அவர் பொதிகள் கணனியின் முழு அதிகாரத்தோடு நிறுவப்படும்.

பாமினிக்கு அவ்வளவு தேவையில்லை. எழுத்துருக் கோப்பை மட்டும் உங்கள் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் கடிதம் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றுவதானால், வாக்குமூலத்தை இணையத்திலுள்ள மாற்றிகளில் ஒட்டாதீர்கள். கணனிக்குள்ளேயே இயங்கும் மாற்றியைப் பாவியுங்கள். மூலக்கோப்பும் இருக்கட்டும்.